கடிகாரம் பார்த்து விழும் அருவி

நார்வேயின் ஐட்ஃபியோர்டு ஊராட்சியில் ஷேயோசன் என்றொரு மலைப்பண்ணை. கீழே கடல் உள்ளே புகுந்து நிற்கும் ஃபியோர்டு. அதற்கு 530 மீட்டர் மேலே, பாறை விளிம்பில் இரண்டே குடும்பத்து நிலம். அன்று ஏறுவதற்கு இருந்தது செங்குத்தான ஒற்றையடிப் பாதை. பாதையும் நின்றுபோகிற இடங்களில் ஏணி. உப்பு, விதை, வீட்டுக்கான பலகை எல்லாம் முதுகுச் சுமையாகவே மேலே போயின. இன்று மலையைக் குடைந்த சுரங்கத்தில் கார் ஏறுகிறது. ஒரு வண்டிக்குத்தான் இடம் என்பதால் மேலே போகிறவர்களுக்கு முழு மணி, இறங்குகிறவர்களுக்கு அரை மணி என்று முறை வைத்திருக்கிறார்கள்.

அந்தச் சாலை 1970களில் சிமா நீர்மின் நிலைய வேலையோடு வந்தது. ஊரின் அன்றுக்கும் இன்றுக்கும் நடுவே நிற்பது அந்த மின்நிலையம்தான். 1891இல் உல்விக் ஊராட்சியிலிருந்து பிரிந்த ஐட்ஃபியோர்டை 1964இல் மறுபடி அதோடு சேர்த்தார்கள். 1977இல் திரும்பப் பிரிந்துகொண்டது. மலைமேல் அணை எழும்பிக்கொண்டிருந்த வருடங்கள் அவை! பரப்பு 1,500 சதுர கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. மக்கள் ஆயிரம் பேர் அளவில். பெரும்பகுதி ஹார்டாங்கர் பீடபூமி, காட்டுக் கலைமான்களின் மேய்ச்சல் நிலம்.

வெளியுலகம் இந்த ஊரை அறிந்தது வோரிங்ஸ்ஃபோசன் அருவியால். 1821இல் பேராசிரியர் கிறிஸ்டோஃபர் ஹான்ஸ்டீன் இந்த வழியாக வந்தார். விளிம்பில் நின்று கல்லை உருட்டிவிட்டு, விழும் நேரத்தைச் சட்டைப்பைக் கடிகாரத்தில் பார்த்து உயரம் கணக்கிட்டார். கணக்கு ஏறக்குறைய நூறு மீட்டர் கூடிப்போனது. உண்மையான உயரம் 182 மீட்டர். குற்றம் சொல்ல மனம் வரவில்லை. அந்த விளிம்பில் நின்றால் யாருக்குத்தான் கை நடுங்காது! அவர் எழுதிய பிறகுதான் சுற்றுலாக்காரர்கள் வரத் தொடங்கினார்கள். 1891இல் மேலே ஃபோஸ்லி ஓட்டல் எழுந்தது. 1896 கோடையில் இசையமைப்பாளர் எட்வர்ட் கிரீக் அங்கே தங்கி நாட்டுப்பாடல்களுக்கு இசை கோத்தார்.

அருவியின் இரு கரையையும் 2020 முதல் 99 படிகள் கொண்ட இரும்புப் பாலம் ஒன்று இணைக்கிறது. நின்று பார்க்க வசதி கூடிவிட்டது. பார்க்கிற தண்ணீர்தான் கணக்குக்குள் வந்துவிட்டது. அருவிக்கு நீர் தரும் பியோரையோ ஆற்றின் தலைமாட்டில் 81 மீட்டர் உயரமான சிசென் அணை. அங்கே தேங்கும் நீர் சுரங்கம் வழியே சிமாவுக்குப் போய் 1,120 மெகாவாட் நிலையத்தைச் சுழற்றுகிறது. சுற்றுலாக் காலத்தில் மட்டும் அருவிக்கு விநாடிக்கு 12 கனமீட்டராவது விட வேண்டும் என்பது விதி.

போக நினைத்தால் ஜூன் 1க்கும் செப்டம்பர் 15க்கும் இடையில் போங்கள். அதற்குப் பிறகு தண்ணீருக்கு மின்நிலையத்தில் வேலை இருக்கிறது.