கருவும் மனசாட்சியும் வாக்குச்சீட்டும்

2024 நவம்பர் 5 அன்று அமெரிக்காவின் மிசௌரி மாநில வாக்காளர்களிடம் ஒரே வாக்குச்சீட்டில் இரு கேள்விகள் கேட்கப்பட்டன. அதிபர் யார் என்பது ஒன்று. தாயின் உடலுக்கு வெளியே உயிர்வாழும் திறனைக் கரு பெறும்வரை கருக்கலைப்புக்கான உரிமையை மாநில அரசமைப்பில் சேர்க்கலாமா என்பது மற்றொன்று. முதல் கேள்வியில் 58 சதவீதத்துக்கும் அதிகமானோர் டொனால்ட் டிரம்பைத் தேர்ந்தெடுத்தனர். இரண்டாவதற்கு ஏறத்தாழ 52 சதவீதத்தினர் ‘ஆம்’ என்றனர். கணக்குப் பார்த்தால், அம்மாநிலத்தில் ஏறத்தாழ பத்தில் ஒருவராவது டிரம்புக்கு வாக்களித்த அதே கையால், அவரது கட்சியினர் கொண்டுவந்த கருக்கலைப்புத் தடையை நீக்கவும் வாக்களித்திருக்க வேண்டும். பாப்டிஸ்ட் கிறிஸ்தவர்களும் கத்தோலிக்கர்களும் கணிசமாக வாழும் மாநிலம் அது.

தொலைவிலிருந்து பார்ப்பவர்களுக்கு அமெரிக்க அரசியல் எளிதாகத் தோன்றும். கருக்கலைப்பைப் பாவம் என்று நம்புகிறவர் குடியரசுக் கட்சிக்கு வாக்களிப்பார். அப்படிக் கருதாதவர் ஜனநாயகக் கட்சிக்கு வாக்களிப்பார். ஆனால், நம்பிக்கைக்கும் வாக்குக்கும் நடுவே பல படிகள் இருக்கின்றன. ஒரு செயல் பாவம் என்பதாலேயே அதை அரசு தண்டிக்க வேண்டுமா? வன்புணர்வுக்கு ஆளான பெண்ணுக்கும் தாயின் உயிருக்கு ஆபத்து நேரும்போதும் விலக்கு உண்டா? போர், வறுமை, குடியேறிகளின் துயரம் ஆகிய அனைத்தையும்விட இதுதான் முதன்மையானதா? இந்த வேட்பாளர் சொன்னதைச் செய்வாரா? ஒரே வேதத்தை வாசித்து, ஒரே ஆலயத்தில் மண்டியிடுபவர்கள் இந்தப் படிகளில் ஏதோ ஒன்றில் பிரிந்துபோகிறார்கள்.

இதைக் கத்தோலிக்கத் திருச்சபையே அறியும். கருத்தரித்த கணம் முதல் மனித உயிர் காக்கப்பட வேண்டும் என்பது அதன் அசையாத போதனை. ஆனால், வாக்களிப்பது பற்றி அதன் பேச்சு அத்தனை நேர்கோடாக இல்லை. 2004-ல் கத்தோலிக்கரான ஜான் கெர்ரி ஜனநாயகக் கட்சியின் அதிபர் வேட்பாளரானபோது, கருக்கலைப்பு உரிமையை ஆதரிக்கும் அவருக்கு நற்கருணை தரமாட்டோம் என்று சில ஆயர்கள் அறிவித்தனர். அந்தச் சூழலில், பின்னாளில் பதினாறாம் பெனடிக்ட் என்ற பெயரில் திருத்தந்தையான கர்தினால் ராட்சிங்கர் அமெரிக்க ஆயர்களுக்கு ஒரு குறிப்பு அனுப்பினார். கருக்கலைப்பை ஆதரிக்கிறார் என்பதற்காகவே ஒருவருக்கு வாக்களித்தால் அது அத்தீமையில் பங்கேற்பது. அந்த நிலைப்பாட்டை ஏற்காமல் வேறு காரணங்களுக்காக வாக்களித்தால், அக்காரணங்கள் அதற்கு ஈடான கனம் உடையவையாக இருக்கும்பட்சத்தில் அது அனுமதிக்கத்தக்கது என்பது அதன் சாரம். அந்தக் கனத்தை எடைபோடுபவர் யார்? வாக்காளரின் மனசாட்சிதான். மிகக் கண்டிப்பானவராகப் பெயரெடுத்த இறையியலாளர் திறந்துவைத்த கதவு இது.

அந்தக் கதவின் இருபுறமும் கத்தோலிக்கர்கள் நிற்கிறார்கள். கருக்கலைப்பு, மரண தண்டனை, அணு ஆயுதம் அனைத்தையும் உயிர் குறித்த ஒரே அறத்தின் கீழ் நிறுத்த வேண்டும் என்று 1983-ல் வாதிட்டார் சிகாகோ பேராயர் பெர்னார்டின். கருக்கலைப்பே தலையாய முன்னுரிமை என்று 2019-ல் அமெரிக்க ஆயர் பேரவை எழுதியது. 2024 தேர்தலுக்கு இரு மாதங்கள் முன்பு திருத்தந்தை பிரான்சிஸிடம் கேட்டபோது, குடியேறிகளை விரட்டுவதும் சிசுவைக் கொல்வதும் உயிருக்கு எதிரானவையே என்றார். இரு தீமைகளில் குறைந்தது எது என்பதை அவரவர் மனசாட்சிக்கே விட்டுவிட்டார். அமெரிக்கக் கத்தோலிக்கர்களில் ஏறத்தாழ பத்தில் ஆறு பேர், எல்லா அல்லது பெரும்பாலான சூழல்களிலும் கருக்கலைப்பு சட்டபூர்வமாக இருக்க வேண்டும் என்றே கருத்துக்கணிப்புகளில் சொல்கிறார்கள்.

இவாஞ்சலிக்கல் எனப்படும் புராட்டஸ்டன்ட் பிரிவினரின் வரலாறு இதைவிட வியப்பூட்டுவது. இன்று கருக்கலைப்பு எதிர்ப்பின் கோட்டையாக அறியப்படும் தெற்கத்திய பாப்டிஸ்ட் பேரவை, 1971-ல் அதே மிசௌரியின் செயின்ட் லூயிஸ் நகரில் கூடி ஒரு தீர்மானம் நிறைவேற்றியது. வன்புணர்வு, கருவின் கடுமையான குறைபாடு, தாயின் உடல், மன நலத்துக்கான பாதிப்பு போன்ற சூழல்களில் கருக்கலைப்பை அனுமதிக்கும் சட்டங்களுக்கு ஆதரவு திரட்டுமாறு அது தன் உறுப்பினர்களைக் கேட்டுக்கொண்டது. (நம் நாடாளுமன்றம் மருத்துவக் கருக்கலைப்புச் சட்டத்தை நிறைவேற்றியதும் அதே ஆண்டில்தான், இங்கு அது ஒருபோதும் தேர்தலைத் தீர்மானிக்கும் பிரச்சினையாகவில்லை.) 1980-ல் அதே பேரவை, தாயின் உயிரைக் காக்க மட்டும் விலக்களித்து, கருக்கலைப்பைத் தடைசெய்யும் அரசமைப்புத் திருத்தம் வேண்டும் என்றது.

ஒன்பது ஆண்டுகளில் விவிலியம் மாறவில்லை. 1973-ல் ரோ - வேட் வழக்கில் உச்ச நீதிமன்றம் கருக்கலைப்பு உரிமையை உறுதிசெய்தது. கருக்கலைப்புகளின் எண்ணிக்கை உயர்ந்தது. 1979-ல் போதகர் ஜெர்ரி ஃபால்வெல் தொடங்கிய ‘அறப் பெரும்பான்மை’ இயக்கம் சபைகளை வாக்கு வங்கியாகத் திரட்டியது. நிறப் பாகுபாடு காட்டிய கிறிஸ்தவப் பள்ளிகளின் வரிவிலக்குக்கு ஆபத்து வந்ததே இந்தத் திரட்டலின் உண்மையான தொடக்கம் என்கிறார் வரலாற்றாளர் ராண்டல் பால்மர். அதை மறுப்பவர்களும் உண்டு. எப்படியாயினும், இன்று அந்தச் சபைகளில் அமர்ந்திருப்பவர்களின் நம்பிக்கையைப் போலி என்று சொல்வது அநியாயம். கரு முழு மனித உயிர் என்று உளமார நம்புகிற ஒருவரிடம் போய், வரிவிகிதத்தையும் அதையும் ஒரே தராசில் வையுங்கள் என்று கேட்க முடியாது.

அந்த உறுதியே அவர்களுக்குப் பேரம் பேசும் வலிமையைத் தந்தது. 2016-ல் டிரம்ப், உச்ச நீதிமன்றத்துக்குத் தான் நியமிக்கக்கூடியவர்களின் பட்டியலையே முன்கூட்டி வெளியிட்டார். அவரது தனிவாழ்வைப் பொருட்படுத்தாமல், வெள்ளையின இவாஞ்சலிக்கல் வாக்காளர்களில் பத்தில் எட்டுப் பேர் அவரை ஆதரித்தனர். அவர் நியமித்த மூன்று நீதிபதிகளின் துணையுடன் 2022 ஜூன் 24 அன்று ரோ தீர்ப்பு வீழ்ந்தது. ஏறத்தாழ அரைநூற்றாண்டு பொறுமைக்குக் கிடைத்த பலன் அது. பத்துக்கும் மேற்பட்ட மாநிலங்களில் கிட்டத்தட்ட முழுமையான தடை வந்தது. அவற்றில் சிலவற்றில் வன்புணர்வுக்குக்கூட விலக்கு இல்லை.

அடுத்து நடந்ததுதான் யோசிக்க வைக்கிறது. 2024-ல் டிரம்ப் இதை மாநிலங்களே முடிவுசெய்யட்டும் என்றார். குடியரசுக் கட்சியின் தேர்தல் அறிக்கை, நாடு தழுவிய தடை என்ற பழைய கோரிக்கையைக் கைவிட்டது. கருக்கலைப்பு எதிர்ப்புதான் வாக்கை வழிநடத்தியது என்றால், அங்கே ஒரு சரிவு தெரிந்திருக்க வேண்டும். தெரியவில்லை, அதே பத்தில் எட்டுப் பேர். வேறெங்கும் போகமாட்டார்கள் என்று தெரிந்துவிட்ட வாக்காளர்களுக்கு எந்தக் கட்சியும் அதிகம் கொடுப்பதில்லை. நம்பிக்கை கட்சியைத் தேர்ந்தெடுத்த காலம் போய், கட்சி அடையாளமே நம்பிக்கையின் அளவைத் தீர்மானிக்கும் காலம் வந்துவிட்டது என்றே இதை நான் வாசிக்கிறேன்.

மத நம்பிக்கை ஒரு திசையில் மட்டும் இழுப்பதும் இல்லை. புளோரிடாவில் 15 வாரங்களுக்குப் பிந்தைய கருக்கலைப்பு தடைசெய்யப்பட்டபோது, அது தங்கள் மத சுதந்திரத்தைப் பறிக்கிறது என்று 2022-ல் ஒரு யூத ஆலயம் வழக்கு தொடுத்தது. தாயின் நலனுக்குத் தேவையென்றால் கருக்கலைப்பை யூத மதச் சட்டம் வலியுறுத்துகிறது என்பது அதன் வாதம்.

கட்சியிடமிருந்து கேள்வியைப் பிரித்துத் தனியாக வைத்தால் விடை மாறுகிறது. 2022 ஆகஸ்டில், அதற்கு முந்தைய அதிபர் தேர்தலில் டிரம்பை 56 சதவீத வாக்குகளுடன் தேர்ந்தெடுத்த கன்சாஸ், கருக்கலைப்பு உரிமையை நீக்கும் திருத்தத்தை 59 சதவீத வாக்குகளால் நிராகரித்தது. அயர்லாந்து 1983-ல் 67 சதவீத ஆதரவுடன் கருவின் உயிருரிமையை அரசமைப்பில் எழுதியது. 2018-ல் 66 சதவீத ஆதரவுடன் அதை நீக்கியது. அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்புதான், மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 78 சதவீத அயர்லாந்துக்காரர்கள் தங்களைக் கத்தோலிக்கர் என்று பதிவுசெய்திருந்தனர்.

இந்தப் பாடத்தை மிசௌரி சட்டமன்றமும் கற்றிருக்கிறது. குடியரசுக் கட்சியின் பெரும்பான்மை உள்ள அச்சட்டமன்றம், 2024-ல் மக்கள் தந்த உரிமையை நீக்கும் திருத்தத்தை மீண்டும் வாக்கெடுப்புக்கு விட 2025 மே மாதம் முடிவெடுத்தது. இம்முறை கேள்வி தனியாக வரவில்லை. சிறார்களுக்கான பாலின மாற்று சிகிச்சைக்கான தடையும் அதனுடன் பிணைக்கப்பட்டிருக்கிறது. இரண்டுக்கும் சேர்த்து ஒரே ‘ஆம்’, ஒரே ‘இல்லை’.