அழிப்பதற்கு முன் ஒரு கணம்

காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து கொல்லிமலைக்குச் செல்லும்போது, கைப்பேசியில் இணைப்பு விட்டுவிட்டுத்தான் கிடைக்கும். இணையவழிப் பாடல் சேவைகள் அங்கே அதிகம் உதவுவதில்லை. எனவே, பலரும் கைவிட்டுவிட்ட எம்பி3 பிளேயர் ஒன்று இன்றும் என் பையில் இருக்கிறது. அதன் கொள்ளளவு 4 ஜிபி.

அண்மையில் செம்மேட்டில் தங்கியிருந்தபோது, களையெடுப்பின்போது பாடும் பாட்டைப் பாட ஒரு மூதாட்டி இசைந்தார். பதிவு செய்ய முனைந்தேன். இடமில்லை என்றது பிளேயர். மடிக்கணினியில் அதை இணைத்துக் கோப்புகளை அளவு வாரியாக அடுக்கினேன். முதலில் நின்ற பெரிய கோப்பை நீக்கக் கை போயிற்று. பெயரைப் படித்ததும் நின்றுவிட்டேன். முந்தைய பயணத்தில், சாமை, தினைச் சாகுபடி குறித்து ஒரு முதியவர் பேசிய ஒரு மணி நேரப் பதிவு அது. அவர் இப்போது உயிருடன் இல்லை.

பெரிய கோப்பை முதலில் நீக்குவதே நம் வழக்கம். அதிலுள்ள ஆபத்தைக் கணக்கிட்டுப் பார்த்தால் புரியும். 128 கேபிபிஎஸ் தரத்தில் எம்பி3 பாடல் நிமிடத்துக்கு ஏறத்தாழ 1 எம்பி இடம் பிடிக்கும். ஐந்து நிமிடப் பாடலுக்கு 5 எம்பி போதும். சுருக்கப்படாத வேவ் வடிவில், குறுந்தகட்டுத் தரத்தில் பதிவு செய்தால் நிமிடத்துக்கு 10 எம்பி. ஒரு மணி நேரப் பேச்சு 600 எம்பியைத் தாண்டிவிடும். அதாவது, 120 திரைப்பாடல்களின் இடம். திரைப்பாடல்களை மீண்டும் பெறலாம். நாமே எடுத்த பதிவுக்கு வேறு பிரதி கிடையாது. அளவை மட்டும் பார்த்தால், மீட்க முடியாததே முதலில் பலியாகும்.

இடத்தைப் பெற வேறு வழிகள் உள்ளன. மேக், லினக்ஸ் கணினிகளில் பிளேயரை இணைத்துப் பாடல்களை நீக்கும்போது, அவை பெரும்பாலும் பிளேயருக்குள்ளேயே மறைவான குப்பைக் கோப்புறை ஒன்றுக்குச் செல்கின்றன. தவறுதலாக நீக்கியதை மீட்பதற்கான ஏற்பாடு இது. ஆனால், பிளேயர் இணைப்பில் இருக்கும்போதே குப்பைத் தொட்டியைக் காலி செய்யாவிட்டால் இடம் விடுபடாது. விண்டோஸில் பொதுவாக உடனே நீங்கிவிடும். எனவே அங்கே கூடுதல் கவனம் தேவை. அடுத்து, இருமுறை ஏற்றப்பட்ட பாடல்களை நீக்கலாம். சொந்தப் பதிவுகளின் மூலக் கோப்பைக் கணினியிலும் மற்றோர் இடத்திலும் சேமித்த பின், பிளேயரில் எம்பி3 பிரதியை மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

தவறி அழித்துவிட்டாலும் உடனே நம்பிக்கை இழக்க வேண்டாம். நீக்கும்போது பெரும்பாலும் கோப்பின் முகவரிக் குறிப்பே அழிகிறது. அதன் மேல் புதியது எழுதப்படும்வரை மீட்க வாய்ப்புண்டு. ஆகவே, அதன் பின் எதையும் ஏற்றாமல் பிளேயரை அப்படியே வைத்து, மீட்பு மென்பொருளை நாட வேண்டும்.

என் பிளேயரிலும், முன்பு நான் நீக்கிவிட்டுக் காலி செய்ய மறந்த பாடல்களே குப்பைக் கோப்புறையில் நிறைந்திருந்தன. அதைக் காலி செய்ததும் இடம் கிடைத்தது. மூதாட்டி பாடினார், முதியவரின் குரலும் பிழைத்தது.

இதே மலையில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தின் துணையுடன் மக்கள் சிறுதானிய விதை வங்கிகளை அமைத்தனர். கடையில் கிடைக்கும் விதைக்கு வங்கி தேவையில்லை. வேறெங்கும் கிடைக்காததற்கே தேவை. நம் பிளேயரில் எதை வைத்துக்கொள்வது என்பதற்கும் அதுவே அளவுகோல்.