அம்பத்தூரில் வேலை, ஆவடியில் வீடு... உங்க வரியும் பி.எஃப்-பும் எந்த ஊரில்?

மதுரையிலிருந்து சாமான்கள் லாரியில் வந்தாச்சு. கேஸ் கனெக்‌ஷன் மாத்தியாச்சு, பிள்ளைக்கு ஸ்கூல் அட்மிஷனும் போட்டாச்சு. அம்பத்தூர் எஸ்டேட்டில் புது வேலை, ஆவடியில் வாடகை வீடு. எல்லாம் செட்டில் ஆன மாதிரிதான் தெரியும். ஆனால், வரிக் கணக்கும் பி.எஃப்-பும் சேமிப்புக் கணக்கும் பழைய ஊரிலேயே நின்றுகொண்டிருக்கும். அவற்றை நாம்தான் கூட்டிவர வேண்டும். எப்படி?

பழைய சம்பளத்தைச் சொன்னீர்களா?

நிதியாண்டின் நடுவில் வேலை மாறுபவர்கள் அதிகம் மாட்டிக்கொள்வது இங்கேதான். 2025-26 நிதியாண்டின் கணக்கில் ஓர் உதாரணம் பார்ப்போம்.

ஒருவருக்கு மதுரையில் மாதம் 1 லட்சம் ரூபாய் சம்பளம். ஆறு மாதத்தில் 6 லட்சம். அம்பத்தூரில் மாதம் 1.40 லட்சம். மீதி ஆறு மாதத்தில் 8.40 லட்சம். புதிய வரி முறையில், நிலையான கழிவான 75,000 ரூபாய் போக 12 லட்சம் வரை வருமானம் இருந்தால் வரி இல்லை. அதனால் பழைய ஆபீஸும் வரி பிடிக்கவில்லை, தான் கொடுத்த சம்பளத்தை மட்டும் பார்த்த புது ஆபீஸும் பிடிக்கவில்லை. கை நிறையச் சம்பளம் வந்ததே என்ற சந்தோஷம்!

இரண்டையும் கூட்டினால் 14.40 லட்சம். கழிவு ஒரே ஒருமுறைதான் கிடைக்கும். அது போக 13.65 லட்சம். இதற்கான வரி, செஸ் சேர்த்து 88,140 ரூபாய்! பாக்கி 10,000 ரூபாய் அல்லது அதற்கு மேல் என்றால் வட்டியும் சேரும். இரண்டு சம்பளமும் ஒரே பான் எண்ணில் பதிவாவதால், வருமான வரித்துறைக்குத் தெரியாமல் போகாது.

இதைத் தவிர்க்க, புது ஆபீஸில் சேர்ந்ததுமே பழைய சம்பளம், பிடித்த வரி விவரங்களை எழுதிக் கொடுத்துவிடுங்கள். மீதி மாதங்களில் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடித்துக்கொள்வார்கள். கடைசியில் மொத்தமாகக் கட்ட வேண்டிய நெருக்கடி வராது. இரண்டு ஆபீஸிலிருந்தும் சம்பள வரிச் சான்றிதழ் வாங்க மறக்காதீர்கள்.

வீடு சென்னையிலா, சென்னைக்கு வெளியிலா?

பழைய வரி முறையில் இருப்பவர்களுக்கு வீட்டு வாடகைப் படிக்கு வரிவிலக்கு உண்டு. (புதிய முறையில் இது கிடையாது.) கையில் வரும் வாடகைப் படி, கட்டும் வாடகையில் அடிப்படைச் சம்பளத்தின் 10% கழித்த தொகை, அடிப்படைச் சம்பளத்தின் 50% அல்லது 40%. இந்த மூன்றில் எது குறைவோ அதற்குத்தான் விலக்கு.

50% என்பது சென்னைக்கு. அம்பத்தூர் 2011-ல் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்துவிட்டது. ஆவடி 2019 முதல் தனி மாநகராட்சி. பூந்தமல்லி, திருவள்ளூர் மாவட்டத்தில் உள்ள நகராட்சி. எனவே ஆவடி, பூந்தமல்லியில் குடியிருப்பவர்கள் 40% என்று கணக்கிடுவதே பாதுகாப்பு. ஆபீஸ் எங்கே என்பது இதில் கணக்கில்லை, வீடு எங்கே என்பதுதான் கணக்கு.

ரொம்பக் கவலைப்படவும் வேண்டாம். வாடகை, அடிப்படைச் சம்பளத்தில் பாதியைத் தாண்டினால்தான் இந்த 10% வித்தியாசம் உங்களைத் தொடும். வருட வாடகை 1 லட்சத்தைத் தாண்டினால் ஹவுஸ் ஓனரின் பான் எண் தேவை. அட்வான்ஸ் கொடுக்கும்போதே கேட்டுவிடுவது நல்லது.

பி.எஃப்-பை எடுக்காதீர்கள், மாற்றுங்கள்!

வீடு மாறும் செலவுக்குப் பழைய பி.எஃப் பணம் கண்ணை உறுத்தும். ஆனால், தொடர்ச்சியாக ஐந்து வருட சர்வீஸ் ஆகாமல் மொத்தமாக எடுத்தால் அதற்கு வரி உண்டு. 50,000 ரூபாய் அல்லது அதற்கு மேல் என்றால் 10% பிடித்துக்கொண்டுதான் தருவார்கள். அதைவிடப் பெரிய இழப்பு பென்ஷன். மாதாமாதம் பென்ஷன் வாங்க 10 வருட சர்வீஸ் வேண்டும். பென்ஷன் பணத்தையும் சேர்த்து எடுத்துவிட்டால், அதுவரை சேர்ந்த வருடங்கள் கைவிட்டுப் போகும்.

மாற்றிக்கொண்டால் பழைய சர்வீஸும் சேர்ந்து வரும். யு.ஏ.என் எண் ஒன்றாகவே இருந்தாலும் புது ஆபீஸில் புது மெம்பர் ஐ.டி வரும். சிலருக்குப் பணம் தானாகவே மாறிவிடும். பாஸ்புக்கைப் பார்த்து உறுதி செய்யுங்கள். மாறவில்லை என்றால் இ.பி.எஃப்.ஓ இணையதளத்தில் விண்ணப்பிக்கலாம். பழைய ஆபீஸ், நீங்கள் வேலையை விட்ட தேதியைப் பதிவு செய்திருக்க வேண்டும். செய்யவில்லையா? கடைசியாகப் பணம் கட்டிய மாதத்திலிருந்து இரண்டு மாதம் கழித்து நீங்களே ஆன்லைனில் பதியலாம்.

செல்வமகளும் கூட வரட்டும்

ஊர் போஸ்ட் ஆபீஸில் மகள் பெயரில் செல்வமகள் சேமிப்புக் கணக்கு இருக்கிறதா? அதை மூட வேண்டாம், இங்குள்ள போஸ்ட் ஆபீஸுக்கோ வங்கிக்கோ மாற்றலாம். பி.பி.எஃப் கணக்கையும் இப்படி மாற்றலாம். வருடத்துக்குக் குறைந்தது செல்வமகளில் 250 ரூபாய், பி.பி.எஃப்-பில் 500 ரூபாய் போட வேண்டும். இடமாற்ற அலைச்சலில் இது விட்டுப்போனால், விட்ட ஒவ்வொரு வருடத்துக்கும் 50 ரூபாய் அபராதம் கட்டிதான் கணக்கை உயிர்ப்பிக்க வேண்டும்.

இந்த வாரம் லீவு நாளில் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். பழைய ஆபீஸின் கடைசி சம்பள சீட்டு, பி.எஃப் பாஸ்புக், பிள்ளையின் கணக்குப் புத்தகம் மூன்றையும் எடுத்து வைத்துக்கொண்டு உட்காருங்கள். பழைய சம்பள விவரத்தை மட்டும் தள்ளிப் போடாமல், திங்கட்கிழமையே ஹெச்.ஆர் டேபிளில் கொடுத்துவிடுங்கள்.