சின்ன ஸ்போர்ட்ஸ் கார்கள் ஏன் தாத்தாக்களிடம் இருக்கின்றன?

இங்கிலாந்தில் வெயில் அடிக்கும் ஞாயிற்றுக்கிழமைகளில் பழைய குட்டி ஸ்போர்ட்ஸ் கார்கள் ஷெட்டை விட்டு வெளியே வரும். ஆஸ்டின்-ஹீலி ஸ்ப்ரைட், எம்ஜி மிட்ஜெட், எம்ஜிபி, டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர். இரண்டே சீட், மடக்கக்கூடிய துணிக்கூரை. ஓட்டுபவர்களைப் பார்த்தால் நரைத்த தலைகளே அதிகம். பணக்கார முதியவர்களின் பொழுதுபோக்கு என்று பலரும் முடிவுகட்டிவிடுவது இதனால்தான். அந்த முடிவு சரியல்ல. இந்தக் கார்கள் பிறந்ததே கையில் அதிகம் காசில்லாத இளைஞர்களுக்காக.

1958-இல் வந்த முதல் ஸ்ப்ரைட்டைப் பாருங்கள். வெளியே கதவுக்குக் கைப்பிடி கிடையாது. கையை உள்ளே விட்டுத்தான் திறக்க வேண்டும். டிக்கிக்கு மூடி கிடையாது. சீட்டுக்குப் பின்னால் கையை விட்டுத்தான் சாமான் வைக்க வேண்டும். 948 சிசி இன்ஜின் ஆஸ்டின் ஏ35 என்ற சாதாரணக் குடும்பக் காரிலிருந்து வந்தது. ஸ்டியரிங் அமைப்பு மாரிஸ் மைனரிலிருந்து. 43 குதிரைசக்திதான். இப்படி ஒவ்வொன்றாகச் செலவைக் குறைத்ததால் வரியோடு சேர்த்தும் விலை 700 பவுண்டுக்குள் நின்றது. அதன் இரட்டைப் பிறவியான மிட்ஜெட் 1961-இலும், எம்ஜிபியும் ஸ்பிட்ஃபயரும் 1962-இலும் வந்தன. எம்ஜிபி வகைக் கார்கள் மட்டும் ஐந்து லட்சத்துக்கும் மேல் உற்பத்தியாகி, பெரும்பகுதி அமெரிக்காவுக்குக் கப்பலேறின.

இதில் ஸ்பிட்ஃபயருக்குச் சென்னையோடு ஓர் உறவு உண்டு. டிரையம்ஃப் ஹெரால்டு என்ற காரின் அடிச்சட்டத்தை (சேஸிஸ்) குட்டையாக்கித்தான் ஸ்பிட்ஃபயரைச் செய்தார்கள். இரண்டுக்கும் உருவம் கொடுத்தவர் இத்தாலியரான ஜொவான்னி மிக்கெலொட்டி. அதே ஹெரால்டுதான் சென்னையில் ‘ஸ்டாண்டர்ட் ஹெரால்டு’ என்ற பெயரில் உற்பத்தியானது. முன்பக்கம் முழுவதும் ஒரே மூடியாகத் திறக்கும் அந்த பானட்டைப் பார்த்தவர்கள், ஸ்பிட்ஃபயரின் பானட்டையும் உடனே அடையாளம் கண்டுகொள்வார்கள்.

சரி, இளைஞர்களின் கார் எப்படி முதியவர்களின் காரானது? முதல் விடை எளிய கணக்கு. எம்ஜியின் அபிங்டன் தொழிற்சாலை 1980-இல் மூடப்பட்டது. மிட்ஜெட், எம்ஜிபி, ஸ்பிட்ஃபயர் மூன்றுமே அந்த ஆண்டுக்குள் நின்றுவிட்டன. 1970-இல் இருபது வயதில் மிட்ஜெட் மேல் ஆசைப்பட்டவருக்கு 2020-இல் எழுபது. பதின்பருவத்தில் மனதில் பதியும் கார் பெரும்பாலும் ஆயுள் முழுக்கக் கூடவே வருகிறது.

ஆனால் அவர்களில் பலர் அன்று வாங்கிய காரையே இன்றுவரை வைத்திருப்பவர்கள் அல்ல. திருமணமாகிக் குழந்தை பிறந்ததும் இரண்டு சீட் கார் வீட்டுக்கு உதவாது, விற்றாக வேண்டும். பிள்ளைகள் படித்து முடித்து, வீட்டுக்கடனும் அடைந்தபின் அதே மாதிரிக் காரைத் தேடிப்போய் வாங்குகிறார்கள். ஆசை இருபதிலேயே இருந்தது. பணமும் நேரமும் ஐம்பதுக்கு மேல்தான் வந்தன.

இன்னொன்றும் வேண்டும்: கூரை போட்ட ஷெட். பலரும் கவனிக்காத காரணம் இதுதான். என் கணக்கில் இதுவே முக்கியமானதும்கூட. பிரிட்டனின் ஈரக்காற்றும், பனிக்காலத்தில் சாலையில் தூவும் உப்பும் இந்தக் கார்களை அரித்துவிடும். எம்ஜிபிக்கும் மிட்ஜெட்டுக்கும் தனி அடிச்சட்டம் கிடையாது, உடலே அடிச்சட்டம். கதவுக்குக் கீழே ஓடும் தகட்டில் துரு பிடித்தால் காரின் பலமே போய்விடும். தெருவோரம் நிறுத்தி வைத்துக் காப்பாற்றுவது கடினம். வாடகை அடுக்குமாடியில் குடியிருக்கும் இருபத்தைந்து வயதுக்காரருக்கு ஷெட் எங்கே கிடைக்கும்? காசு சேர்த்துக் காரை வாங்கிவிடலாம். அதை உலர்வாக வைக்க இடம் வாங்க முடியாது. காப்பீடும் ஒரு தடை. பழைய கார்களுக்கான மலிவான பாலிசிகளைத் தரும் நிறுவனங்கள் பல, 25 வயது ஆகாதவர்களை ஏற்கத் தயங்குகின்றன.

அரசின் விதிகள் பழைய காரை வைத்திருப்பவர்களுக்குச் சாதகமானவைதான். பிரிட்டனில் நாற்பது ஆண்டு கடந்த கார்களுக்குச் சாலை வரி இல்லை. 2018 மே மாதத்திலிருந்து, பெரிதாக மாற்றியமைக்கப்படாத அத்தகைய கார்களுக்கு வருடாந்திரத் தகுதிச் சோதனையும் கட்டாயமில்லை.

ஆனால் முதுமையும் தன் வேலையைக் காட்டுகிறது. சீட் தரையை ஒட்டி இருப்பதால் ஏறுவதற்கும் இறங்குவதற்கும் முழங்காலும் இடுப்பும் ஒத்துழைக்க வேண்டும். பவர் ஸ்டியரிங் கிடையாது. பிரிட்டனில் எழுபது வயதில் ஓட்டுநர் உரிமத்தைப் புதுப்பிக்க வேண்டும். பிறகு மூன்றாண்டுக்கு ஒருமுறை. இந்தக் கட்டத்தில் சிலர் நிலையான கூரையும் பின்கதவும் கொண்ட எம்ஜிபி ஜிடிக்கு மாறுகிறார்கள். வேறு சிலர் மாஸ்டா எம்எக்ஸ்-5 வாங்குகிறார்கள்.

அடுத்த தலைமுறையின் கதையும் அந்த ஜப்பானியக் காரில்தான் தொடங்குகிறது. பழைய பிரிட்டிஷ் கார்களின் மகிழ்ச்சியை, ஒழுகாத இன்ஜினோடும் நம்பகமான மின் அமைப்போடும் தர முடியும் என்று 1989-இல் மாஸ்டா காட்டியது. 2016-க்குள் பத்து லட்சம் கார்கள் உற்பத்தியாயின. 1997-இல் வந்த ‘கிரான் டூரிஸ்மோ’ வீடியோ விளையாட்டில் அதை ஓட்டிப் பழகிய சிறுவர்கள் இன்று குடும்பஸ்தர்கள். முதல் எம்எக்ஸ்-5கள் 2029-இல் நாற்பதாண்டு வரம்பை எட்டத் தொடங்கும். ஸ்ப்ரைட்டுக்கு நடந்ததே இதற்கும் நடக்கும். உரிமையாளர்கள் ஒரு தலைமுறை இளையவர்களாக இருப்பார்கள்.

ஆகவே, பழைய கார்ப் பிரியர்கள் அற்றுப்போவார்கள் என்ற பயம் எனக்கில்லை. உதிரி பாகங்களைப் பற்றியும் கவலை குறைவு. எம்ஜிபியின் முழு உடலையே பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிடேஜ் நிறுவனம் 1988 முதல் புதிதாகச் செய்து விற்கிறது. கவலையெல்லாம் கைகளைப் பற்றித்தான். இரண்டு எஸ்யு கார்புரேட்டர்களை ஒத்திசைத்து வைப்பதும், சி.பி. பாயிண்டின் இடைவெளியைச் சரிபார்ப்பதும், துருப்பிடித்த தகட்டை வெட்டி எடுத்துப் புதிதாகப் பற்றவைப்பதும் பக்கத்தில் நின்று பார்த்துக் கற்க வேண்டியவை. இவற்றைக் கற்றவர்களில் பலர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டார்கள். ஆக்ஸ்ஃபோர்டுக்கு அருகே பிஸ்டர் என்ற ஊரில், முன்பு விமானப்படைத் தளமாக இருந்த இடத்தில், இளைஞர்களுக்கு இந்த வேலைகளில் தொழிற்பயிற்சி தருகிறார்கள். இது இன்னும் பல ஊர்களுக்கு வர வேண்டும்.

உரிமையாளர்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. பேரன் பேத்தியின் பெயரைக் காப்பீட்டில் சேர்த்து, சாவியைக் கையில் கொடுத்துவிடுவது. வாங்க நினைக்கும் இளைஞருக்கும் காலம் முற்றிலும் எதிராக இல்லை: மிட்ஜெட்டும் ஸ்பிட்ஃபயரும் ஜாகுவார் ஈ-டைப் போல எட்டாத விலைக்குப் போய்விடவில்லை. பளபளக்கும் பெயின்டைப் பார்த்து மயங்காமல், முதலில் தரையில் படுத்துக் கதவுக்குக் கீழே உள்ள தகட்டைத் தட்டிப் பாருங்கள். அது உறுதியாக இருந்தால் மற்றதையெல்லாம் வார இறுதிகளில் பழுதுபார்த்துக்கொள்ளலாம்.