எந்த எஞ்சினுக்கு எந்த டர்போ?

எண்ணூர் நெடுஞ்சாலையில், துறைமுகத்தை நோக்கிச் சரக்குப் பெட்டி ஏற்றிச் செல்லும் டிரெய்லர் லாரி வேகமெடுக்கும்போது உற்றுக் கேளுங்கள். எஞ்சினின் உறுமலோடு சீழ்க்கை போன்ற ஒரு மெல்லிய ஒலியும் வரும். அது 'டர்போசார்ஜர்' எழுப்பும் ஒலியாகும்.

இதே கருவியைத் தம் காரில் பூட்டி, அதைப் பந்தயக் கார் போல் ஓட்ட வேண்டும் என்று ஆசைப்படும் இளைஞர்கள் பலர். அதற்கென 'டர்போ கிட்' என்னும் தொகுதிகள் பல அளவுகளில் விற்கப்படுகின்றன. "பணத்தை ஏன் வீணாக்க வேண்டும்? புதுப்பேட்டையில் பழைய லாரி டர்போ ஒன்றை மலிவாக வாங்கிப் பூட்டினால் போதாதா?" என்று கேட்பவர்களும் உண்டு. போதாது. ஏன் என்பதை, நீங்கள் பள்ளியில் படிக்கும் இயற்பியலைக் கொண்டே அறியலாம்.

புகையில் போகும் ஆற்றல்

எஞ்சினில் எரியும் எரிபொருளின் ஆற்றலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு, சூடான புகையோடு வெளியேறி வீணாகிறது. இதைப் பயன்படுத்த வழி கண்டவர் சுவிட்சர்லாந்துப் பொறியியலாளர் ஆல்பிரட் பூச்சி. அவர் 1905-இல் காப்புரிமை பெற்றார். வெளியேறும் புகை ஒரு சிறு சக்கரத்தைச் சுழற்றுகிறது. அதே அச்சின் மறு முனையிலுள்ள இன்னொரு சக்கரம் வெளிக்காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளுகிறது. காற்று மிகுந்தால் அதற்கேற்ப எரிபொருளையும் மிகுதியாக எரிக்கலாம், திறன் கூடும். கார் டர்போவின் அச்சு நிமிடத்திற்கு ஒரு லட்சம் சுற்றுகளுக்கு மேல் சுழல்கிறது என்றால் வியப்பாக இல்லையா?

1920-களில் கப்பல்களில் இடம் பெற்ற இக்கருவி, பின்னர் லாரிகளுக்கு வந்தது. 1962-இல் அமெரிக்காவில் விற்பனைக் கார்களிலும் புகுந்தது. 1977-இல் ரெனோ நிறுவனம் பார்முலா-1 பந்தயத்திற்கே டர்போ காரைக் கொண்டு வந்தது.

எஞ்சினின் மூச்சு எவ்வளவு?

நான்கு வீச்சு எஞ்சின் இரண்டு சுற்றுகளுக்கு ஒரு முறை தன் கொள்ளளவுக் காற்றை உள்ளே இழுக்கிறது. 1.2 லிட்டர் கார் எஞ்சின் நிமிடத்திற்கு 6,000 சுற்றுகள் சுழன்றால், 1.2 × 3,000 = 3,600 லிட்டர் காற்று தேவை. 2,000 சுற்றுகளில் 1,200 லிட்டர் போதும்.

இப்போது லாரியைப் பாருங்கள். சுமார் 6 லிட்டர் டீசல் எஞ்சின் 2,400 சுற்றுகளில் 7,200 லிட்டர் இழுக்கும். டர்போ காற்றின் அடர்த்தியை இரு மடங்காக்கினால் 14,400 லிட்டர் வெளிக்காற்று தேவைப்படும். லாரி டர்போ இந்த அளவுக்காக வடிவமைக்கப்பட்டது. அதைக் காரில் பூட்டினால், காரின் சிறிய புகையோட்டத்தால் அந்தப் பெரிய சக்கரத்தை வேகமாகச் சுழற்ற இயலாது. ஒரே வடிவமுள்ள சக்கரத்தின் விட்டம் இரு மடங்கானால் அதன் நிலைமத் திருப்புத்திறன் 32 மடங்காகும்! ஆக்சிலேட்டரை மிதித்த பின்னர் திறன் வந்து சேர வெகு நேரமாகும்.

அப்படியானால் மிகச் சிறிய டர்போ நல்லதா? அது விரைவில் சுழலத் தொடங்கும். ஆனால் உயர் வேகத்தில் புகை வெளியேற வழியின்றித் திணறும். காற்றும் அளவு மீறிச் சூடேறும்.

லாரிக்கு டர்போ தேர்ந்தெடுப்பது ஒப்பளவில் எளிது. அதன் எஞ்சின் பெரும்பாலும் குறுகிய சுற்று எல்லைக்குள் இயங்கும். விளையாட்டுக் காரோ 1,000 முதல் 7,000 சுற்றுகள் வரை தாவும். எனவேதான் மிகையான புகையைப் பக்கவழியில் திருப்பிவிடும் 'வேஸ்ட்கேட்' என்னும் வால்வு அதற்கு இன்றியமையாதது.

அழுத்தினால் சூடேறும்

சைக்கிள் பம்பை அழுத்தும்போது அதன் அடிப்பகுதி சூடாவதை அறிவீர்கள். டர்போவிலும் இதுவே நிகழ்கிறது. சென்னையில் 35° செல்சியஸ் வெப்பமுள்ள நாளில் காற்றழுத்தத்தை 1.5 மடங்காக்குவதாகக் கொள்வோம். அழுத்தியின் பயனுறுதிறன் 70 சதவீதமானால், காற்று சுமார் 89° வெப்பம் அடையும். அடர்த்தி, அழுத்தத்திற்கு நேர் விகிதத்திலும் கெல்வின் வெப்பநிலைக்கு எதிர் விகிதத்திலும் அமைவதால்:

1.5 × 308 ÷ 362 = 1.28

ஐம்பது சதவீதம் மிகும் என்று எண்ணிய காற்று 28 சதவீதமே மிகுந்தது! இடையில் 'இன்டர்கூலர்' வைத்து 50°க்குக் குளிர்வித்தால் 1.43 மடங்கு கிடைக்கும். விளம்பரத்தில் அழுத்த எண்ணை மட்டும் பார்த்துக் கிட் வாங்குவோர் ஏமாறுவது இங்கேதான்.

சூட்டினால் இன்னொரு தீங்கும் உண்டு. பெட்ரோல் எஞ்சினில் தீப்பொறியால் பற்றிய சுடர் பரவி முடிக்குமுன்பே மீதிக் கலவை தானாக வெடித்தெரியக் கூடும். மெக்கானிக்குகள் இதை 'நாக்கிங்' என்பர். இது தொடர்ந்தால் பிஸ்டன் ஓட்டையாகிவிடும், எஞ்சினே பாழ்.

கிட்டில் பார்க்க வேண்டியவை

ஒரு கிராம் பெட்ரோல் முழுமையாக எரிய 14.7 கிராம் காற்று தேவை. ஆகவே காற்றைக் கூட்டினால் பெட்ரோலையும் கூட்டியாக வேண்டும். பெரிய இன்ஜெக்டர்கள், போதிய பம்ப், தீப்பொறி நேரத்தையும் எரிபொருளையும் ஆளும் கணிப்பொறியில் திருத்தம் ஆகியவை இல்லாத கிட், பாதிக் கிட்டே. டர்போவின் அச்சு எண்ணெய்ப் படலத்தில் மிதந்து சுழல்வது. எனவே எண்ணெய்க் குழாய்களும் சரியாக அமைய வேண்டும். வேகமாக ஓட்டி வந்தவுடன் எஞ்சினை அணைத்தால், சூட்டில் அந்த எண்ணெய் கரியாகிவிடும். சற்று நேரம் மெதுவாக ஓடவிட்டு அணைப்பதே முறை. கிளட்சும் பிரேக்கும் புதிய திறனைத் தாங்குமா என்பதையும் பார்க்க வேண்டும்.

இவை யாவும் சரியாக இருந்தாலும் பொதுச் சாலையில் இது கூடாது. வாகனத்தைத் தயாரிப்பாளர் வகுத்த விவரங்களிலிருந்து மாறுபடும்படி மாற்றுவதை 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு தடுக்கிறது. வேகத்துக்கு உரிய இடம் பந்தயத் தடம். முன்பு சோழவரத்துப் பழைய விமான ஓடுபாதையில் பந்தயங்கள் நடந்தன. 1990-இல் இருங்காட்டுக்கோட்டையில் அதற்கெனவே தடம் திறக்கப்பட்டது.

எண்ணூரில் 1948-இல் அசோக் மோட்டார்ஸ் என்னும் பெயரில் தோன்றி, ஆஸ்டின் கார்களைப் பூட்டி, 1955-இல் அசோக் லேலண்டாகிய நிறுவனத்தின் லாரிகள் இன்று டர்போவோடு வெளிவருகின்றன. அங்கே எஞ்சினும் டர்போவும் ஒன்றுக்கொன்று பொருத்தமாக வடிவமைக்கப்படுகின்றன. பெரியதா, சிறியதா என்பது கேள்வியே அன்று. பொருந்துகிறதா என்பதே கேள்வி.

நீங்களே கணக்கிடுங்கள்

பல்லாண்டுகள் திருவொற்றியூரில் தயாரான புல்லட் மோட்டார் சைக்கிளின் எஞ்சின் 346 சி.சி. கொள்ளளவும் ஒரே சிலிண்டரும் கொண்டது. நிமிடத்திற்கு 5,000 சுற்றுகளில் அது எத்தனை லிட்டர் காற்றை இழுக்கும்? (விடை: 865 லிட்டர்.) அதற்கு டர்போ பூட்டுவது ஏன் கடினம்? ஒற்றைச் சிலிண்டரிலிருந்து புகை எத்தனை சுற்றுகளுக்கு ஒரு முறை வெளிவருகிறது என்று எண்ணிப் பாருங்கள், விடை கிடைக்கும்.