மோட்டார் எஞ்சினின் ஊளையொலி

பெங்களூரில் நெரிசலுக்குப் பேர்போன சில்க் போர்டு சந்திப்பில் அகப்பட்டு நிற்கும் மோட்டார் வண்டியில், எஞ்சினின் உறுமலோடு கலந்து மெல்லிய ஊளை ஒன்று கேட்பதுண்டு. வண்டி ஓடுகையில் சக்கரங்களின் ஓசையில் மறைந்திருந்த அது, நின்றதும் வெளிப்படுகிறது. சிலர் வானொலியின் சத்தத்தைக் கூட்டி அதை மறந்துவிடுகின்றனர். வேறு சிலர் பணிமனையில் சொல்லப்படும் உறுப்புகளையெல்லாம் மாற்றிப் பணத்தை இழக்கின்றனர். இரண்டுமே வேண்டாதவை. ஊளை தன் பிறப்பிடத்தைத் தானே காட்டிக்கொடுக்கும் ஒலியாகும்.

எஞ்சின் நிமிஷத்திற்கு 1,500 சுற்றுகள் சுழல்வதாகக் கொள்வோம். வினாடிக்கு அது 25 சுற்று. நான்கு சிலிண்டர்களும் நான்கு வீச்சுகளும் உடைய எஞ்சினில் சுற்றுக்கு இரண்டு முறை எரிபொருள் எரிவதால், வினாடிக்கு 50 அதிர்வுகள் உண்டாகின்றன. இதுவே தாழ்ந்த உறுமல். (இவ்வோசையை அடக்கும் முறை தனியொரு துறையாகவே வளர்ந்துள்ளது. பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் பேராசிரியர் எம். எல். முஞ்சால் இதுபற்றி 1987-இல் ஒரு நூலே வெளியிட்டார்.) ஆனால் அதே தண்டில் 30 பற்களுள்ள சக்கரம் ஒன்று இருப்பின், பற்கள் வினாடிக்கு 750 முறை மோதுகின்றன. ஆகவே உச்ச சுருதியுடைய ஊளை, எரிதலால் விளைவதன்று; பற்கள், பேரிங் குண்டுகள், பெல்ட் ஆகியவற்றில் ஒன்றனால் விளைவதாகும். வகுப்பில் இதை விளக்க ஒரு சைக்கிள் போதும். 40 கம்பிகளுடைய சக்கரத்தை வினாடிக்கு இருமுறை சுழற்றி, தடித்த அட்டையை அதில் உரசச் செய்தால் 80 அதிர்வுள்ள ஒலி கேட்கும். வேகம் குறையக் குறையச் சுருதியும் தாழும்.

இவ்வுண்மையே முதற் சோதனைக்கு அடிப்படை. வண்டியை நிறுத்தி, கைப்பிரேக்கை இழுத்து, கியரை நியூட்ரலில் வைத்து எஞ்சினைச் சற்று வேகப்படுத்துக. சுருதி உடன் உயர்ந்தால் குற்றம் எஞ்சின் பக்கத்தில் உள்ளது. நின்ற வண்டியில் கேளாது, ஓட்டத்தின் வேகத்தை மட்டும் பின்பற்றினால், சக்கர பேரிங், டிபரன்ஷியல், டயர் ஆகியவற்றை ஐயுறலாம். அடுத்து கிளச்சை மிதித்துப் பார்க்க வேண்டும். மிதித்ததும் ஒலி நின்றால் கியர்ப்பெட்டியின் உள்நுழை தண்டு பேரிங்கும், மிதித்தபின் தோன்றினால் கிளச்சை விடுவிக்கும் பேரிங்கும் காரணமாகலாம். பின்னோக்கிச் செல்கையில் மட்டும் ஊளையிடுவது பெரும்பாலும் நோயன்று. பல வண்டிகளில் அந்தக் கியரின் பற்கள் நேராக வெட்டப்பட்டிருப்பதே காரணம்.

ஸ்டியரிங்கைத் திருப்பும்போது ஊளை மிகுந்தால், எண்ணெயழுத்தத்தால் இயங்கும் அமைப்புள்ள வண்டிகளில் அதன் பம்பின் எண்ணெய் மட்டத்தை நோக்குக. முகப்பு விளக்குகளைப் போட்டதும் மிகுந்தால் ஆல்ட்டர்னேட்டரை நோக்குக. பெல்ட்டில் ஐயமிருப்பின், ஓடும் எஞ்சினுக்குக் கையைத் தள்ளி வைத்துச் சிறிதளவு நீர் தெளிக்கலாம். சத்தம் சிறிது நேரம் மறைந்தால் கப்பிகள் ஒரே நேர்கோட்டில் இல்லை. மிகுந்தால் பெல்ட் தளர்ந்துள்ளது. சேலைத் தலைப்பு, துண்டு முதலியன சுழலும் பெல்ட்டின் அருகே வாராதபடி காத்தல் வேண்டும்.

இவற்றுள் காலந்தாழ்த்தலாகாதது வாட்டர் பம்பின் பேரிங். எஞ்சின் குளிர்ந்து நிற்கையில் பெல்ட்டைக் கழற்றிக் கப்பியைக் கையால் சுழற்றினால் கரகரப்போ ஆட்டமோ தெரியும். அடியிலுள்ள சிறுதுளையில் நீர்க்கசிவின் கறை காணப்படலாம். அப்பேரிங் இறுகினால் பெல்ட் அறுந்து, குளிர்நீர் ஓட்டம் நின்று, சிலிண்டர்த் தலை சூட்டில் வளைந்துபோகும். சில எஞ்சின்களில் அந்தப் பம்பை டைமிங் பெல்ட்டே இயக்குகிறது. அது அறுந்தால் வால்வுகள் பிஸ்டன்களில் மோதி எஞ்சினே பாழாகலாம். ஒரு பேரிங்கின் விலை இதனோடு ஒப்பிடத்தக்கதன்று.

வானொலியில் மட்டும் கேட்கும் ஊளை வேறு இனத்தது. ஆறு இணை முனைகளுடைய மூன்று கட்ட ஆல்ட்டர்னேட்டர், சுற்றுக்கு 36 சிற்றலைகளை மின்னோட்டத்தில் எழுப்புகிறது. எஞ்சினைவிட இரண்டரை மடங்கு வேகமாக அது சுழன்றால், வினாடிக்கு 2,250 சிற்றலைகள். டயோடு ஒன்று பழுதானாலோ, தரை இணைப்பு துருப்பிடித்தாலோ அவை ஒலிபெருக்கியில் புகுந்துவிடும். வானொலியை நிறுத்தியதும் ஊளையும் நின்றால், ஸ்பானரை எடுப்பதற்குமுன் மின்கம்பிகளையே ஆராய வேண்டும்.