தரையை எட்டாத கதிர்

பள்ளிப்பட்டு வயலில் நிற்பவரின் முதுகைச் சுடும் வெயிலில் சூரியனின் எல்லாக் கதிர்களும் இல்லை. அலைநீளம் சுமார் 10 முதல் 121 நானோமீட்டர் வரையுள்ள அதீதப் புற ஊதாக் கதிர்களைக் காற்று மண்டலம் மிக உயரத்திலேயே விழுங்கிவிடுகிறது. ஆகவே அவற்றை அளக்கும் கருவி காற்றைக் கடந்து மேலே செல்ல வேண்டும்.

தரைக்கு வராத கதிரால் நமக்கென்ன? அதை விழுங்கிய காற்று சூடேறி மேல்நோக்கி விரிகிறது. அங்கே சுற்றிவரும் செயற்கைக்கோள்களின் வேகத்தை உராய்ந்து குறைக்கிறது. 1970களின் இறுதியில் சூரியன் எதிர்பார்த்ததைவிட வீறு கொண்டது. அதனால் சுமார் 77 டன் எடையுள்ள ஸ்கைலாப் விண்வெளிக்கூடம் முன்னதாகவே கீழிறங்கி, 1979 ஜூலை 11 அன்று வீழ்ந்தது. அதன் சிதறல்கள் ஆஸ்திரேலியாவில் கிடைத்தன.

அளப்பது எப்படி? கண்ணாடி இக்கதிர்களைத் தன்னூடே விடாது. எனவே வில்லைகள் பயன்படா. நுண்கோடுகள் கீறிய தகடு ஒன்று கதிரைப் பிரதிபலித்து, அலைநீளவாரியாகப் பிரிக்கிறது. உணர்கருவி ஒவ்வொன்றின் வலிமையையும் பதிவு செய்கிறது.

இங்கே ஒரு சிக்கல். இக்கதிர்கள் உணர்கருவியையே நாளடைவில் மங்கச் செய்யும். அளவு குறைந்தால், மங்கியது சூரியனா, கருவியா? 2010-இல் நாசா ஏவிய எஸ்.டி.ஓ. விண்கலத்துக்காக, அதே போன்ற கருவியை அவ்வப்போது ராக்கெட்டில் சில நிமிடம் மேலே அனுப்பி ஒப்பிட்டார்கள். கடைத் தராசை முத்திரையிட்ட படிக்கல்லால் சோதிப்பது போன்றதே இது.

கும்மிடிப்பூண்டிக்கு வடக்கேயுள்ள ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து 2023 செப்டம்பர் 2 அன்று புறப்பட்ட ஆதித்யா-எல்1, சற்று நீண்ட 200–400 நானோமீட்டர் புற ஊதாக் கதிர்களில் சூரியனைப் படமெடுத்தது. அதீதப் புற ஊதாவுக்கு அண்டை வீடு அது!